சுவரெழுத்தும் அங்கதமும்

தமிழிலே ‘எழுதுதல்’ என்னும் ஒரே சொல் இரு தொழில்களைக் குறிக்கும். எழுத்தை வரைதலும் எழுதுதலே. உருவத்தைத் தீட்டுதலும் எழுதுதலே. திருப்பரங்குன்றத்துச் சித்திரச் சாலையைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்னும் பெயராற் குறிப்பிடுகின்றது. அம்மண்டபத்திலே தீட்டப்பெற்ற உருவங்களைக் கண்டோர் இது யாது, அது யாது என வினவ, அறிந்தோர் விடை கூறி விளக்கினர் என்பதும் அப்பாடலாற் பெறப்படும். எழுத்தறிவு உடையார்க்கும் இல்லார்க்கும் ஒருங்கே பொருள் உணர்த்துஞ் சுவர் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இஃதொரு சான்றாகும். இக்காலத்து நகரங்களிலே கையால் எழுதப்பெறும் சுவர் விளம்பரங்களும், ஆட்சியாளரையும் அரசியலாரையும் எள்ளி நகையாடுஞ் சுவர்ச் சித்திரங்களும் இவ்விரு தொழிலையும் ஒன்றாக்கி நிற்பன. இவை எங்ஙனம் ஆக்கப்படுகின்றன, எவ்வாறு மக்கள் மனத்தைத் தொடுகின்றன, இவற்றின் மறைவால் இழக்கப்படுவது யாது என்பன ஆராயத்தக்கன.

விளம்பரம் வணிகத்தோடு உடன்பிறந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை வகைப்படுத்திக் காட்டுகின்றது. தெய்வம் உறையும் இடத்துக்கு ஒரு கொடி. வாதுக்கு அழைக்கும் புலவர்க்கு ஒரு கொடி. துறையிலே நிற்குங் கலத்துக்கு ஒரு கொடி. கள் விற்கும் மனைக்கு ஒரு கொடி. இக்கொடிகள் யாவும் தொலைவிலிருந்து வருவோனை நோக்கி, இங்கே இன்னது உண்டு என்று சொல்லாமற் சொல்லின. மணிமேகலையோ அந்நகரத்துச் சுதை தீற்றிய மாடச் சுவர்களில் உயிர்களின் உருவங்கள் தீட்டப்பெற்றிருந்தமையையும், தெருவிற் செல்வோர் அவற்றைக் கண்டு நின்றமையையும் கூறுகின்றது. ஆகவே, வழிப்போக்கனை நிறுத்துதல் என்னும் கலை பண்டே அறியப்பட்டதாம்.

மேலைத்தேயத்துச் சான்று இன்னுந் தெளிவானது. கி. பி. 79ஆம் ஆண்டிலே வெசுவியசு எரிமலை கக்கிய சாம்பலால் மூடப்பட்ட பொம்பேய் நகரத்தை அகழ்ந்தபோது, தேர்தல் அறிவிப்புகள் 2,000க்கு மேற்பட்டவை சுவர்களிற் காணப்பட்டன. இவற்றை எழுதியோர் வேட்பாளர் அல்லர். கூலிக்கு எழுதுந் தொழிலாளர். முதலில் ஒருவன் பழைய எழுத்தின்மீது வெள்ளை பூசுவான். அதன்மேல் மற்றொருவன் சிவப்பினாலோ கருமையினாலோ எழுதுவான். விளக்குப் பிடிப்பவன், ஏணி பிடிப்பவன் என ஒரு கூட்டமே இரவிற் புறப்படும். ஒருவன் தன் பெயரைப் பொறித்து, நிலவொளியில் தான் தனித்து எழுதியதாகவுங் குறித்திருக்கின்றான். பழ வணிகர், பொற்கொல்லர், கோவேறு கழுதை ஓட்டுநர் முதலான தொழிற்கூட்டத்தார் இன்னாரை ஆதரிக்கின்றனர் என்பது அவ்வறிவிப்புகளின் பொது அமைப்பு. இருபதாம் நூற்றாண்டிற் சென்னையிலும் கல்கத்தாவிலும் தேர்தற் காலத்து இரவுகளில் நிகழ்ந்தது இதனின் வேறன்று.

இலங்கையிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க சுவர் ஒன்றுண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே காசியப்ப மன்னன் அமைத்த சிகிரியாக் கோட்டையின் பளபளப்பான சுதைச்சுவரில், பின்வந்த நூற்றாண்டுகளிற் சென்று கண்டோர் கூரிய முனையாற் கீறிவைத்த பாடல்கள் பல. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அரசர் பொறித்த கல்வெட்டுகளிற் காணக்கிடையாத சாதாரண மாந்தரின் வியப்பும் ஏக்கமும் கேலியும் அச்சுவரிலே நிலைபெற்றன. அரசன் கல்லிலே எழுதுவித்தது ஆணை. வழிப்போக்கன் சுவரிலே எழுதியது அபிப்பிராயம். இவ்வேறுபாடு இக்கட்டுரைப் பொருளுக்கு அடிப்படையாகும்.

இனி, சுவரெழுத்தின் தொழின்முறை. நல்ல எழுத்துக்கு நல்ல நிலம் வேண்டும். சுவரைச் சுரண்டித் தூசி போக்கி, வெடிப்புகளை அடைத்து, சுண்ணாம்பு இருமுறை பூசுவர். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டுங் கல்லின் தன்மையை அடைகின்றது. ஈரம் உலருமுன் இடப்படும் நிறம் அக்கல்லினுள்ளே பிணிப்புண்டு நெடுங்காலம் நிற்கும். உலர்ந்தபின் பசை கலந்து இடப்படும் நிறம் மேலே படிந்து நிற்பதாதலின் மழையிற் கரைய இடமுண்டு. நிலம் அமைந்தபின், நீலப்பொடியோ கரிப்பொடியோ தோய்த்த நூலை இருவர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவே சுண்டிவிடுவர். சுவரிலே நேர்கோடு விழும். அக்கோடுகளுக்கிடையே எழுத்துகளின் புறவரை வெண்கட்டியாற் குறிக்கப்படும். உருவந் தீட்டுவதாயின் சிறு படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சுவரிலும் அதே தொகைக் கட்டங்களைப் பெரிதாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்தெழுதுவர். ஓர் அங்குலம் ஓரடியாகும்போது உருவம் பன்னிரு மடங்கு உயரும். ஆயினும் பரப்போ 144 மடங்கு பெருகும். தீந்தையின் அளவும் கூலியும் இக்கணக்கினாலேயே தீர்மானிக்கப்படும்.

நிறங்களின் இயல்பறியாத ஓவியன் விரைவிலே கெட்டபெயர் எடுப்பான். செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பின் ஒட்சைட்டுகள் கலந்த மண்கள். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அஞ்சாதன. மலிவான செஞ்சாயங்கள் பலவோ சேதனப் பொருள்களாதலின் ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களாற் சிதைந்து இளஞ்சிவப்பாகிப் பின் மறையும். சுவரிலே கறுப்பெழுத்து நிலைத்திருக்கச் சிவப்பெழுத்து மாத்திரம் மங்குவது இதனாலேயாம். நீலத்திலும் இருவகை உண்டு. பிரசிய நீலம் சுண்ணாம்பின் காரத்தாற் கெட்டுப் பழுப்பாகும். சலவைக்கு இடும் நீலத்தின் இனமாகிய அல்ட்ராமரின் காரத்தைத் தாங்கும். எனாமல் தீந்தை வந்தபின் மழைபற்றிய அச்சங் குறைந்தது. எனினும் ஈரமுள்ள சுவரில் அது கொப்புளித்து உரியும். வெயிலும் மாரியும் மாறிமாறித் தாக்கும் நாட்டிலே சுவரோவியம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆயுள் உடையது. அவ்வாயுளை மதிப்பிடுவதே தொழிற்றேர்ச்சி.

தமிழெழுத்தின் வடிவமும் ஓவியனுக்குத் தனிச்சோதனையாக அமைகின்றது. உரோம எழுத்தைப்போல அது நேர்கோடுகளால் ஆயதன்று; வளைவும் சுழியும் மிக்கது. ‘ட’ குறுகியது, ‘ணௌ’ அகன்றது. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் இடங் கேட்கும். ஆதலின் வரிகளுக்கிடையே போதிய வெளி விடாதவன் எழுத்தைப் படிக்க முடியாததாக்குவான். 1978ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு பெரியார் முன்னரே தம் இதழ்களிற் கையாண்ட சீர்திருத்த வரிவடிவங்களை ஏற்றது. அதன்பின் ‘லை, ளை, ணை, னை’ ஆகியவற்றின் யானைத்தும்பிக்கை போன்ற பழைய கொம்பும், ‘ணா, றா, னா’ ஆகியவற்றின் பழைய சுழியும் அச்சிலிருந்து படிப்படியாக நீங்கின. அச்சுக்கூடம் எழுத்துருவை மாற்றியதும் மாறிவிட்டது; ஓவியனின் கை அங்ஙனம் உடனே மாறுவதன்று. எனவே பழைய பலகைகளிலும் மதில்களிலும் அவ்வடிவங்கள் பின்னும் நெடுநாள் நின்றன. கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவங்கொண்டு காலத்தைக் கணிப்பதுபோலக் கடைச்சுவரின் காலத்தையும் ஓரளவு கணித்தல் கூடும்.

இத்தொழிலோடு அங்கதஞ் சேரும்போது சுவர் வேறொரு வலிமை பெறுகின்றது. தொல்காப்பியர் செய்யுளியலிலே அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் எனவும் பழிகரப்பு அங்கதம் எனவும் இருவகைப்படுத்தினார். பழியை வெளிப்படக் கூறுவது முன்னது. புகழ்போலத் தோன்றப் பழியை உள்ளே கரந்து கூறுவது பின்னது. தொண்டைமானின் படைக்கலச் சாலையைக் கண்ட ஔவையார், அவன் படைகள் நெய்பூசி மாலைசூட்டிக் காவலில் உள்ளன எனவும், அதியமான் படைகளோ நுனிசிதைந்து கொல்லன் உலைக்களத்தில் உள்ளன எனவுங் கூறியது பின்னதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. போர் காணாத படையே புதிதாக இருக்கும் என்பது அதன் உட்பொருள். சுவர் அங்கதமும் இவ்விருவகையிலேயே அடங்கும்.

பொம்பேய்ச் சுவர்களிலே வாத்தியா என்னும் வேட்பாளனை இரவிலே நெடுநேரங் குடிப்போர் ஆதரிக்கின்றனர், சிறுதிருடர் ஆதரிக்கின்றனர், உறங்குவோர் யாவரும் ஆதரிக்கின்றனர் என அறிவிப்புகள் உள. பழவணிகர் ஆதரவு என்னும் வழக்கமான வாய்பாட்டையே கொண்டு, ஆதரிப்போரை மாத்திரம் மாற்றிவிட்டமை காண்க. புகழுரையின் வடிவம் சிறிதும் குலையவில்லை, பொருள் தலைகீழாயிற்று. இது பழிகரப்பின் உயிர்நிலை.

வணிக விளம்பரமும் இவ்வழியைக் கையாண்டதுண்டு. 1966ஆம் ஆண்டிலே பம்பாயில் தொடங்கிய அமுல் வெண்ணெய் விளம்பரப் பலகைகள் புள்ளிச் சட்டையணிந்த ஒரு சிறுமியைக் கொண்டு அன்றாட நாட்டுநடப்பைக் கேலி செய்தன. அக்காலத்துப் பலகைகள் ஓவியர் கையால் தீட்டப்பெற்றவை. 1976ஆம் ஆண்டு, இந்தியாவில் அவசரநிலை நிலவிப் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த வேளையிலே, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை மக்களை வருத்திற்று. அச்சிறுமி தாதியின் உடையிலே வெண்ணெய்த் தட்டை ஏந்தி, கட்டாயச் சுத்திகரிப்பைத் தாம் எப்பொழுதும் கைக்கொண்டு வருவதாகக் கூறினாள். கிருமி நீக்கலுக்கும் கருத்தடைச் சிகிச்சைக்கும் ஆங்கிலத்திலே ஒரே சொல் வழங்குவதால், வெண்ணெயின் தூய்மைபற்றிய கூற்று ஆட்சியின்மீது எறிந்த அம்பாயிற்று. ஆசிரியத் தலையங்கம் சொல்லத் தயங்கியதை வெண்ணெய் விளம்பரம் சொன்னது. கூற்றின் வெளிப்பொருள் குற்றமற்றதாதலின் அதனைத் தண்டித்தல் எளிதன்று.

எனினும் கையெழுத்துச் சுவரின் தலைநகர் கல்கத்தாவே எனலாம். அங்கே தேர்தல் நெருங்குமுன்னரே கட்சியார் மதில்களுக்கு வெள்ளையடித்து, இவ்விடம் இன்ன கட்சிக்குரியது என்று ஆண்டுக் குறிப்போடு எழுதி வைப்பர். பின்னர் அவ்விடத்திலே வேட்பாளர் பெயரும் சின்னமும் மட்டுமன்றி, எதிர்க்கட்சித் தலைவரின் கேலிச்சித்திரமும் அதனடியில் நான்கடிச் சந்தப் பாட்டும் தோன்றும். எதிர்க்கட்சியார் அடுத்த மதிலில் விடை எழுதுவர். தெரு முழுவதும் ஒரு பட்டிமன்றமாகும். 1967ஆம் ஆண்டின் நக்சல்பாரிக் கிளர்ச்சிக்குப் பின்னர், சீனத் தலைவரே எங்கள் தலைவர் என்னும் முழக்கமும், தகட்டில் வெட்டிய அச்சுக்கொண்டு பதித்த மாவோவின் முகமும் அந்நகரச் சுவர்களை நிறைத்தன. அங்கதமும் அச்சுறுத்தலும் ஒரே சுவரில் அடுத்தடுத்து நின்ற காலம் அது. வீட்டுக்காரரின் இசைவு எப்பொழுதும் கேட்கப்பட்டதுமில்லை. மேற்கு வங்கம் 1976ஆம் ஆண்டிலே சொத்துகளை உருக்குலைத்தலைத் தடுக்கும் சட்டமொன்றை இயற்றியது. 2006ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்தவே, பல மதில்கள் மீண்டும் வெண்மையாயின.

சென்னையின் வரலாறு சற்று வேறுபட்டது. அங்கே சினிமாவும் அரசியலும் ஒரே தூரிகையைப் பகிர்ந்துகொண்டன. படத்துக்குத் திரைச்சீலை தீட்டிய ஓவியனே தலைவர்க்கும் பேருருவம் சமைத்தான். 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘வணங்காமுடி’ படத்துக்காகச் சித்திரா திரையரங்கின் முன் நிறுவப்பட்ட சிவாஜி கணேசனின் பேருருவம் எண்பதடி உயரமுடையது என்பர். உதயசூரியனோ இரட்டை இலையோ எவரும் சில கோடுகளில் எழுதத்தக்க சின்னமாதலின், ஓவியன் கிடைக்காத சிற்றூரிலும் தொண்டன் கையாற் சுவரேறியது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் எங்கும் பரந்தது. வெற்றியின் பின்னர் ஒரு படித் திட்டம் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலே தொடங்கப்பட்டதெனினும் மாநிலம் முழுவதற்கும் விரியவில்லை. மேடையிலே சொன்னது காற்றோடு போகலாம். எழுதியதோ எழுதியவனுக்கே எதிர்ச்சாட்சியாகும். வாக்குறுதி அங்கதமாவதற்குப் பிறிதொருவர் எழுதவேண்டியதில்லை, காலமே போதும்.

பெயர்ப்பலகையும் போர்க்களமாகும் என்பதற்கு 1953ஆம் ஆண்டு யூலை 15ஆம் தேதி நிகழ்ந்த கல்லக்குடிப் போராட்டஞ் சான்று. டால்மியாபுரம் என்னும் புகையிரத நிலையப் பெயரின்மீது கல்லக்குடி என அச்சிட்ட தாளை மு. கருணாநிதியும் தோழரும் ஒட்டினர். இலங்கையிலோ 1957ஆம் ஆண்டு சனவரி முதல் மோட்டார் வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக் கட்டாயமாக்கப்பட்டது. வட கிழக்கிலே தமிழரசுக் கட்சியினர் அதனைத் தார்பூசி அழித்துத் தமிழ் எழுத்தைப் பொறித்தனர். 1958ஆம் ஆண்டிலே தெற்கிலும் கொழும்பிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார்பூசி அழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆம் தேதி பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தங் கைவிடப்பட்டது. மே மாதத்திலே இனக்கலவரம் மூண்டது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அங்கதம் எதிரியின் சொல்லை வைத்துக்கொண்டே அதனை நகைப்புக்குரியதாக்கும். தார் எதிரியின் சொல்லையே இல்லாதாக்கும். முன்னதிற் சிரிப்பு உண்டு, பின்னதில் அஃதில்லை. எழுத்தை அழித்த கை சில கிழமைகளுள் மனிதரை நோக்கித் திரும்பியமை இந்நாடு கண்ட பாடம்.

பிற்காலத்து இலங்கையிலே சுவர்கள் இருமுறை பெரிதும் பேசின. 2019ஆம் ஆண்டு நவம்பர் சனாதிபதித் தேர்தலை அடுத்து, நாடெங்கும் இளைஞர் தாமே நிதி திரட்டி மதில்களிலே இயற்கைக் காட்சிகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் தீட்டினர். வட மாகாணத்திலும் இவ்வியக்கம் பரவிற்று. அச்சித்திரங்களிற் பெரும்பாலானவை புகழ்ச்சி, அங்கதம் அரிது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே, எரிபொருளும் மருந்தும் அருகிய நெருக்கடியில், கொழும்பு காலிமுகத்திடலிற் கூடியோர் பதாகைகளாலும் கேலிச்சித்திரங்களாலும் அதே ஆட்சியை எள்ளினர். யூலை மாதத்திலே சனாதிபதி பதவி துறந்தார். புகழ்ந்து எழுதிய தலைமுறையே மூன்றாண்டு முடியுமுன் இகழ்ந்து எழுதியது. சுவரின் நினைவு குறுகியதாயினும் அதன் தீர்ப்பு விரைவானது என்க.

இனி வன்னிப் பெருநிலத்தை நோக்குவோம். காடும் குளமும் வயலுமாய்க் கிடந்த இந்நிலத்திலே நகரச் சுவர்கள் மிகப் பிந்தியே எழுந்தன. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி 1936ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட குடியேற்றத்தினாலேயே கிளிநொச்சி நகரமாயிற்று. தனி மாவட்டமானது 1984ஆம் ஆண்டில். மண்சுவரும் கிடுகுவேலியும் விளம்பரத்துக்கு இடந்தருவன அல்ல. கண்டி-யாழ்ப்பாண வீதியோரத்துச் சீமெந்துச் சுவர்களே வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்களில் எழுத்துக்கு முதல் நிலமாயின. வீடு, சைக்கிள், உதயசூரியன் எனத் தமிழ்க் கட்சிகளின் சின்னங்களும் சில கோடுகளில் அடங்குவனவே. ஆயினும் கல்கத்தாவைப்போல ஒரு மதில் மறுமதிலுக்கு அஞ்சாது விடைகூறும் நிலை போர்க்காலத்தில் இங்கே இருக்கவில்லை. அங்கதம் தழைப்பதற்கு இரண்டு வேண்டும்: நிற்கும் சுவர் ஒன்று, எழுதியவன் மறுநாளும் அச்சமின்றி நடமாடக்கூடிய தெரு ஒன்று. போர் இவ்விரண்டையும் பறித்தது. கிளிநொச்சி நகரம் 1996, 1998, 2009 ஆகிய ஆண்டுகளிலே கைமாறியது. ஒவ்வொரு முறையும் சுவர்கள் வீழ்ந்தன. மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். வீதியோரத்திலே சாய்ந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கி போர் முடிந்தபின் வந்தோர் பலரும் நின்று பார்த்த காட்சியாயிற்று. எழுத்தின்றியே அது பேசியது.

அக்காலத்திலே வன்னியில் மிகுதியாகப் படிக்கப்பட்ட பலகை வணிகனுடையதுமன்று, அரசியலாருடையதுமன்று; சிவப்பு நிலத்திலே வெள்ளை மண்டையோடு தீட்டி, மிதிவெடி அபாயம் என எச்சரித்த பலகையே அது. அதன் அமைப்பை அங்கதத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. அங்கதம் ஒரு சொல்லுக்கு இருபொருள் வைத்து வாழ்கின்றது. படிப்பவன் சற்று நின்று, சிந்தித்து, உட்பொருளைக் கண்டு நகைக்கவேண்டும். எச்சரிக்கைப் பலகைக்கோ ஒரே பொருள்தான் இருத்தல் வேண்டும். சிந்திக்கும் இடைவெளியே உயிருக்கு இறுதியாகலாம். எழுத்தறியாக் குழந்தையும் அறியும்பொருட்டு மண்டையோடு. மொழி வேறுபட்டோர்க்காகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழி. தொலைவிற் புலப்படும்பொருட்டுச் சிவப்பு. உலகெங்கும் மிதிவெடி அகற்றுவோர் கற்களின் ஒருபக்கத்தைச் சிவப்பாகவும் மறுபக்கத்தை வெண்மையாகவும் பூசி எல்லையிடுவதுண்டு. வெண்மை தோன்றும் பக்கத்தில் நிற்பவன் பாதுகாப்பாக இருக்கின்றான். சிவப்புத் தோன்றின் அவன் நிற்குமிடமே ஆபத்து. தூரிகையின் ஒரு பூச்சு உயிரைக் காக்கும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையிலே இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இணைந்தது. அப்பலகை ஒவ்வொன்றும் அகற்றப்படும் நாளே அந்நிலம் உழவனுக்கு மீளும் நாள். எழுதப்பட்டதைவிட நீக்கப்பட்டதாற் பெருமை பெறும் எழுத்து அஃதொன்றேயாம்.

மீள்குடியேறியோர் திறந்த கடைகளின் பெயர்ப்பலகைகளும் இவ்வகையில் நோக்கத்தக்கன. கூரை தகரமாயினும் சுவர் பாதியாயினும், கடையின் பெயர் எழுதப்பட்ட கணத்தில் அவ்விடத்துக்கு உரியவர் திரும்பிவிட்டார் என்பது ஊருக்கு அறிவிக்கப்படுகின்றது. பொருளை விற்பதற்கு முன் இருப்பைச் சாற்றுவது அவ்விளம்பரம். இதனாலேயே பெயர்ப்பலகையின் மொழியும் பிழையற்றதாக அமைதல் வேண்டும். 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது; 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தாலே தமிழும் அரச கரும மொழியாயிற்று. எனினும் பொது இடங்களிலுள்ள அறிவிப்புகளிலே தமிழ் பிழைமலிந்து, சில வேளை பொருளே மாறி எழுதப்படுவது பத்திரிகைகளாற் பலகாலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. எவரும் எள்ளக் கருதாமலேயே அவ்வெழுத்து அங்கதமாகி, அதனைத் தாய்மொழியாக உடையாரைப் புண்படுத்துகின்றது. மொழியுரிமை சட்டப்புத்தகத்திற் பிறக்கலாம். அது வாழ்வது பலகையிலே.

இன்று இக்கைத்தொழிலுக்கு வந்த பகை சட்டத்தினும் இயந்திரமே. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை தூரிகையை நம்பியிருந்த நகரங்களிலே, கணினியால் அச்சிடப்படும் பிளெக்ஸ் பதாகை சில ஆண்டுகளுள் இடம்பிடித்தது. ஓவியனுக்குப் பல நாளாகும் வேலையை இயந்திரம் சில மணியில் முடிக்கின்றது, விலையுங் குறைவு. ஆயினும் அதன் சீலை பீவீசீ என்னும் பிளாத்திக்குப் பூச்சுடையது, மண்ணில் மக்காது, எரித்தால் ஐதரசன் குளோரைட்டு முதலிய நச்சுவாயுக்களைக் கக்கும். சுண்ணாம்புச் சுவரெழுத்தோ மழையோடு மண்ணுக்குத் திரும்பியது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டிலே 1959ஆம் ஆண்டு முதலே திறந்தவெளிகளை உருக்குலைத்தலைத் தடுக்கும் சட்டமுண்டு. 2009ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராசர் சாலை ஆகியவற்றிலே சுவரொட்டிகளைத் தடைசெய்து, அச்சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டுவித்தது. வேலையிழந்திருந்த விளம்பர ஓவியர் சிலர்க்கு அதனால் வேலை கிடைத்தது. நகரமும் அழகுபெற்றது. ஆனால் அரசு எழுதுவிக்குஞ் சுவரிலே அங்கதத்துக்கு இடமில்லை. அழுக்கை அகற்றும்போது கருத்தும் உடன் அகற்றப்படுவது இத்தகைய தூய்மையின் விலையாகும்.

இங்கே இருதரப்பு நியாயமும் சீர்தூக்கத்தக்கது. மதில் ஒருவரின் உடைமை. அவர் இசைவின்றி அதில் எழுதுதல் தவறு. தேர்தற் காலத்துச் சுவர் செல்வருக்கும் வலியோருக்கும் மிகுதியாகக் கிடைப்பதும் உண்மை. இலங்கையிலே 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் தேர்தற் காலத்திற் பொது இடங்களில் சுவரொட்டிகளையும் படங்களையும் காட்சிப்படுத்துவதைத் தடுப்பதும் இந்நோக்கத்தாலேயாம். மறுபுறம், பத்திரிகை நடத்தப் பொருளில்லாதவனுக்கும் மேடையேற அழைப்பில்லாதவனுக்கும் எஞ்சியிருக்கும் ஏடு சுவரே. அதனை முற்றாக மூடினால் அவன் கருத்து அழியாது. நகைச்சுவை மாத்திரம் அதனை விட்டு நீங்கும். நகையை இழந்த குறை சினமாகும். உடையவர் இசைவும், பெயரறிய எழுதும் பொறுப்பும், ஒரு சாராரை இழிவுசெய்யாமையும் காக்கப்படின், அங்கதச் சுவர் நகரத்துக்குக் கேடன்று. நகரம் தன்னைத் தானே பார்க்குங் கண்ணாடி.

சுவரெழுத்து நிலையாமையை இயல்பாக உடையது. பொம்பேய்க்குச் சாம்பலும் சிகிரியாவுக்குக் குன்றும் காவலாயின. பிற நகரங்களின் சுவர்களுக்கு அத்தகைய காவல் வாய்ப்பதரிது. வன்னியிலோ சுவரே பலமுறை இல்லாதொழிந்தது. எஞ்சியுள்ள பழைய கடைப்பலகைகள், பழைய வரிவடிவம் மாறாத மதில்கள், தூரிகை பிடித்த முதியோரின் தொழிற்சொற்கள் ஆகியவற்றைப் படமெடுத்தும் கேட்டெழுதியும் பேணுதல் பள்ளி மாணவரும் செய்யத்தக்க வரலாற்றுப்பணி. கல்வெட்டுகள் அரசரை அறிவிக்கும். சுவரெழுத்துகள் ஊரை அறிவிக்கும். ஒரு நகரம் எவற்றை விற்றது, எவற்றுக்கு அஞ்சியது, எவற்றைக் கண்டு நகைத்தது என்பதைப் பின்வருவோர் அறிய விரும்பின், அவர்க்கு விடைகூற ஒரு சுவராவது நிற்றல் வேண்டும்.